எம்எக்ஸ்-5ஐ ஏன் விற்கிறேன், அடுத்து ஏன் பாக்ஸ்டர்

"இவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏண்ணே விக்கிறீங்க?" என்று ஷெஃபீல்டில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். விளம்பரம் போட்டதிலிருந்து பலரும் இதையே கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வண்டி 2003 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரை மடக்கித் திறக்கும் இரண்டு இருக்கைச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். ஆர்வலர்கள் 'என்பி' என்று சொல்லும் இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர், ஐந்து கியர். மற்ற விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பேச வேண்டியது கியர் லீவரைப் பற்றி.

இந்த வண்டியில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கேபிள் கிடையாது. லீவரின் அடிமுனை நேராகக் கியர்பாக்ஸுக்குள் இறங்குகிறது. அதோடு கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இறுக்கிப் பிணைத்திருக்கிறது. அதனால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலும் லீவர் தடுமாறாது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக மணிக்கட்டு அசைந்தால் போதும். நான் இருப்பது மான்செஸ்டர் பக்கம். கிளாஸப்பிலிருந்து ஸ்நேக் பாஸ் மலைச்சாலையில் ஏறும்போது, வேக வரம்பைத் தாண்டாமலே, வளைவுக்கு வளைவு கியர் மாற்றுவதற்காகவே வண்டி ஓட்டத் தோன்றும். 146 குதிரைத்திறன் இந்தக் காலத்தில் பெரிய எண்ணே இல்லை. இந்த லீவர் கையில் இருக்கும்வரை அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பழைய என்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். லீவர் உட்காரும் குழியில் தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றும்போது இது மாறாது. அதன் மேலுள்ள சின்ன ரப்பர் உறை வயதாகிக் கிழிந்தால், அடியிலிருந்து சூடும் சத்தமும் உள்ளே ஏறும். போன வசந்த காலத்தில் நான் திறந்து பார்த்தபோது ஆயில் தார் போலக் கறுத்திருந்தது. துடைத்து, புது ஆயில் விட்டு, புது உறை மாட்டினேன். பெரிய செலவில்லை. மறுநாள் காலைக் குளிரிலேயே இரண்டாவது கியர் வெண்ணெயாக விழுந்தது.

சரி, விற்கத் தூண்டிய கோபத்துக்கு வருகிறேன்.

இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டில் வெட்டியெடுக்கும் பாறை உப்பு. அது சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரோடு அடித்தகட்டில் போய் ஒட்டும். மேலே மடக்குக் கூரையில் விழும் மழை, இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலைதழை அடைத்தால் போக வழியில்லாமல் ஈரம் உள்ளேயே தங்கும். இருபது வயது தாண்டிய வண்டியில் இரண்டும் சேர்ந்தால் கதவுக்குக் கீழுள்ள 'சில்' பகுதி அரிக்கத்தான் செய்யும். இதில் வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

எனக்குப் பொறுக்காதது வேறு. முன்பு சில் சரிசெய்யக் கொடுத்த ஒரு பட்டறை, வெல்டிங் செய்ததாகப் பணம் வாங்கிக்கொண்டு துருவின் மேலேயே அண்டர்சீல் என்ற கறுப்பு அடிப்பூச்சைப் பூசி அனுப்பியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்தினேன். அண்டர்சீல் பொருக்காகப் பெயர்ந்து வந்தது, பின்னால் இரும்பே இல்லை, பழுப்புத் தூள்தான். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அப்படி அரித்திருந்தால் எம்.ஓ.டி. என்ற, பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது. சும்மா வைத்த விதியில்லை, மோதலில் உயிரைப் பிடித்து நிறுத்தும் இடம் அது. இப்போது வேறொருவர் வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து ஒழுங்காக வெல்டிங் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கும் நிலையில் நான் இனி இருக்க விரும்பவில்லை.

அடுத்ததற்குச் சிலவற்றைப் பார்த்தேன். டொயோட்டா ஜிடி86 நியாயமான தேர்வு: 200 குதிரைத்திறன், நல்ல கியர், பின்னால் பிள்ளைகளுக்கு ஒப்புக்கு இடம். 2012, 2013இல் வந்த வண்டி என்றால் நிறுவனமே திரும்ப அழைத்துச் செய்த வால்வு ஸ்பிரிங் வேலை (ரீகால்) முடிந்ததா என்று கேட்க வேண்டும். ஆனால் கூரை திறக்காது, எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஹோண்டா எஸ்2000 லீவர் மட்டுமே என் வண்டிக்கு ஈடு. 9,000 ஆர்.பி.எம். வரை பாடும் எஞ்சின் வேறு. 2009லேயே நின்றுபோன வண்டி, நல்லதாகக் கிடைப்பவை என் கைக்கு எட்டாத விலையில் நிற்கின்றன.

கடைசியில் போர்ஷே பாக்ஸ்டர், அதுவும் கூரை திறக்கும் கார்தான். '987' என்ற தலைமுறையின் இரண்டாம் கட்டம், 2009 முதல் 2012 வரை வந்தது, 2.9 லிட்டர். பழைய பாக்ஸ்டர் எஞ்சின்களைப் பற்றிப் பேசினாலே எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சினே போய்விடுமோ என்ற பயம் வரும். இந்த எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை. ஸ்டீயரிங் ஹைட்ராலிக். முன்னாலும் பின்னாலும் டிக்கி. முக்கியமாக, துருவைத் தடுக்கத் துத்தநாகம் பூசிய பாடி. குறையும் உண்டு: முன் பம்பருக்குள் ரேடியேட்டர் பக்கம் இலை சேர்ந்தால் ஏ.சி. கண்டென்சர் அரித்துவிடும், பராமரிப்புச் செலவும் கூடத்தான். எஞ்சின் நடுவில் இருப்பதால் கியருக்குக் கேபிள். ஓட்டிப் பார்த்தேன். கியர் தெளிவாகத்தான் விழுகிறது, ஆனால் கைக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் ஏதோ இருப்பது தெரிகிறது.

தெரிந்தும் அதைத்தான் வாங்கப்போகிறேன். நான் பிடித்ததிலேயே சிறந்த கியர் லீவர் எம்எக்ஸ்-5இல்தான் இருக்கிறது. இன்னொரு எம்எக்ஸ்-5 வாங்க மாட்டேன்.

நீங்கள் எதை வாங்கினாலும் வண்டி எண்ணைப் போட்டு அரசுத் தளத்தில் பழைய எம்.ஓ.டி. குறிப்புகளை இலவசமாகப் படியுங்கள். ஒரு வருடம் துரு என்றும், அடுத்த வருடம் அடிப்பகுதியில் அண்டர்சீல் பூசியிருப்பதாகவும் எழுதியிருந்தால், நடுவில் வெல்டிங் பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் போய்ப் பார்க்கவே வேண்டாம்.

என் வண்டி விலையைக் குறைத்திருக்கிறேன். வெட்டிய தகட்டின் படங்கள், வெல்டிங் பில் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. பார்க்க வருபவர் டார்ச் கொண்டுவரட்டும், அடியில் படுக்க விரிப்பு நான் தருகிறேன்.