கேமரா லென்ஸ் பிளர்: 4 வருடம் பயன்படுத்திய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணமும் தோட்டக் கோயில் திருவிழாவும் வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் சின்ன சென்சார் கேமராதான். அதில் முன்னால் நிற்கும் ஆளிலிருந்து பின்னால் உள்ள செம்பனை மரம் வரைக்கும் எல்லாமே தெளிவாக விழும். கூட்டத்தில் அது வசதி. ஆனால் சில ஷாட்டுகளில் பின்புறம் மங்கினால்தான் முகம் எடுபடும். அதற்காக ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் 2011 முதல் இருக்கும், லென்ஸ் மாதிரியே மங்கவைக்கும் கேமரா லென்ஸ் பிளரை 4 வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

அதற்கு முன் காஸியன் பிளர் என்ற சாதாரண மங்கல் போட்டுக்கொண்டிருந்தேன். கோயில் விளக்குகள் பனி மூட்டத்தில் கரைந்த மாதிரி ஆகிவிடும். நிஜ லென்ஸ் அப்படிக் கரைக்காது. ஃபோக்கஸுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு புள்ளியையும் விளிம்புள்ள வட்டமாக விரிக்கும். லென்ஸ் பிளர் அந்த வட்டத்தைத் தருகிறது. சரி, ஆனால் ஆரம்பத்தில் என் வட்டங்கள் எல்லாம் அழுக்கு மஞ்சளாகத்தான் வந்தன.

காரணம் புரிய வெகுநாள் ஆனது. 8 பிட் வீடியோவில் பிரகாசத்துக்கு 0 முதல் 255 வரைதான் எண், பல்பின் மதிப்பு அதற்கு மேல் போகாது. பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டியும் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும். நேரில் பல்பு வேட்டியைவிடப் பல மடங்கு பிரகாசம். அந்தப் பிரகாசம் பதிவாகாததால், விரித்தவுடன் ஒளி போய்விடுகிறது. இப்போது அந்த உச்ச வரம்பு இல்லாத 32 பிட்டுக்குப் புராஜெக்டை மாற்றி, நிஜ ஒளி மாதிரியே கணக்கிடும் லீனியர் வொர்க்கிங் ஸ்பேஸை ஆன் செய்கிறேன். அப்புறம் எவ்வளவு பிரகாசத்துக்கு மேல் இருந்தால் ஹைலைட் என்று சொல்லும் திரெஷோல்டைப் பல்பு மட்டும் சிக்கும் வரை ஏற்றி, அந்த ஹைலைட்டைப் பிரகாசமாக்கும் கெயினைக் கூட்டுகிறேன். இரவுக் காட்சி என்றால் முதலில் நாய்ஸை, அதாவது இருட்டில் படத்தில் விழும் பொடிப் புள்ளிகளை, எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நாய்ஸ் புள்ளியும் ஒரு குமிழாக மின்னும்.

வட்டத்தின் வடிவத்தை முடிவு செய்யும் ஐரிஸுக்கு அறுகோணம் வைத்து முனைகளைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் போதும்.

உண்மையான உழைப்பு டெப்த் மேப்பில்தான், அதாவது எது கிட்டே, எது தூரம் என்று பிளருக்குச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படத்தில். ஆளை வெட்டி, பின்புறம் முழுவதையும் ஒரே அளவு மங்கவைத்தால் அட்டையில் வெட்டி ஒட்டிய பொம்மை மாதிரி இருக்கும். கால் தெரியும் ஷாட்டில், தரை காலடியில் தெளிவாக இருந்து தூரம் போகப் போக மங்க வேண்டும். இன்னொன்று விளிம்பு. ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்த பெண்ணின் அம்மா, "பொண்ணு தலையைச் சுத்தி என்ன தம்பி, வெளிச்சமா இருக்கு?" என்று கேட்டார். சேலையின் சிவப்பும் மல்லிகையின் வெள்ளையும் பின்புற மங்கலில் கசிந்திருந்தன. எனக்கு மனசே சரியில்லை. அன்றிலிருந்து ஆளைத் தனி லேயராக எடுத்து, ஆள் நின்ற இடத்தைப் பின்புறக் காட்சியாலேயே நிரப்பிவிட்டு, பிறகுதான் மங்கவைக்கிறேன். ஒரு ஷாட்டுக்கு அரை நாள் போகும், போகட்டும்.

கடைசியாக, மங்கிய பகுதியில் கிரெயின், அதாவது வீடியோவில் இயல்பாக இருக்கும் மெல்லிய பொடி, சேர்க்க மறக்காதீர்கள். பிளர் அதைத் துடைத்துவிடும். முகத்தில் கிரெயின் இருந்து பின்புறம் வழவழவென்று இருந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

காவடி ஷாட்டுகளுக்கு மட்டும் இதை நான் போடுவதில்லை. மயிலிறகின் இழை இழையாக மாஸ்க், அதாவது வெட்டி எடுக்கும் எல்லைக்கோடு, வரைய முடியாது. அதற்கென்றே, எடுக்கும்போதே பின்புறத்தை மங்கவைக்கும் பெரிய சென்சார் கேமராவும் எஃப் 1.8 லென்ஸும் எடுத்துப் போகிறேன்.