டர்போ போய்விட்டது என்றால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். இழுவை குறைந்த என் காருக்கு டர்போவை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) மாற்றியதாகச் சொல்லி, கோவையில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் 58,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். டர்போவில் கோளாறே இல்லை. அவர்கள் அதை மாற்றவும் இல்லை.

கார் 2005 ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 டிடிஐ, 90 குதிரைத்திறன் இன்ஜின். கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றம் தொடங்கியதும் மூச்சு வாங்கும். 2,000 ஆர்பிஎம் பக்கம் வரவேண்டிய தள்ளல் வராது. காலையில் நன்றாக ஓடும், இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் படுத்துவிடும்.

ஸ்கேனர் போட்டார்கள். 17964 என்று எரர் கோடு வந்தது. "பிரஷர் வரலைன்னு கம்ப்யூட்டரே சொல்லுது சார், டர்போ போயிருச்சு" என்றார் மேனேஜர். ஏமாற்று ஆரம்பித்தது இங்கேதான். இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்ட காற்றழுத்தத்தைவிட உண்மையில் வந்தது குறைவு என்பது மட்டும்தான் அந்தக் கோடுக்கு அர்த்தம். ஏன் குறைந்தது என்று அது சொல்லாது. டர்போ தேய்ந்திருந்தாலும் அதே கோடு, டர்போவிலிருந்து காற்று வரும் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருந்தாலும் அதே கோடு.

இந்த வகை டர்போவுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் திறந்து மூடும். அவற்றை அசைப்பது வெளியே இருக்கும் ஆக்சுவேட்டர். அதற்கு வேக்குவம் (உறிஞ்சும் விசை) போக வேண்டும். பம்பிலிருந்து என்75 என்ற வால்வு வழியாக, பென்சிலைவிட மெல்லிய ரப்பர் ட்யூப்பில் அது போகிறது. இத்தனை வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த ட்யூப் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேக்குவம் கசிந்தால் தகடுகள் திறந்தே கிடக்கும், பூஸ்ட், அதாவது டர்போ தரும் அழுத்தம், ஏறாது. நிஜமாகவே டர்போ போனால் பெரும்பாலும் வேறு அடையாளங்கள் தெரியும்: சைரன் மாதிரி ஊளை, நீலப் புகை, ஆயில் குறைவது. என் காரில் ஒன்றுகூட இல்லை. மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "உள்ளே போயிருக்கு சார், வெளிய தெரியாது" என்று முடித்துவிட்டார்.

வண்டியை எடுக்கப் போனபோது அவர்களே ஓட்டிக் காட்டினார்கள். குளிர்ந்த இன்ஜின், அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று. பிரமாதமாக இழுத்தது. பில்லில் 'டர்போ அசெம்பிளி, புதியது' என்று எழுதியிருந்தது. பழையதைக் கேட்டேன், கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த முறை மலை ஏறியபோது அதே இடத்தில் அதே கோளாறு.

இந்த முறை கணபதியில் தனியாக ஷெட் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் முதலில் ஸ்பானரைத் தொடவே இல்லை. சாவியை மட்டும் ஆன் செய்து அழுத்த சென்சர் என்ன காட்டுகிறது என்று பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் அது காட்ட வேண்டும். கோவை உயரத்துக்கு 965 மில்லிபார் பக்கம் இருந்தது, சென்சர் சரி. அப்புறம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சூடான வண்டியை மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் என்னை ஓட்டச் சொன்னார். இசியூ கேட்டது 1,900 மில்லிபாருக்கு மேல், வந்தது 1,300 சொச்சம். ஷெட்டுக்கு வந்து ஆக்சுவேட்டர் கம்பியைக் காட்டினார். ஸ்டார்ட் செய்ததும் அது முழுசாக இழுபட வேண்டும், பாதியில் நின்றது. வேக்குவம் தரும் கை பம்ப்பை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் தடங்கலில்லாமல் கடைசிவரை போனது. ஆக, டர்போ சரி, ஆக்சுவேட்டரும் சரி. நிப்பிளில் மாட்டியிருந்த ட்யூப்பின் முனையை அவர் மடக்கிக் காட்டியபோது நூல் பின்னலுக்கு அடியில் நீளமாக ஒரு வெடிப்பு. சூட்டில் ரப்பர் இளகும்போது அது வாயைத் திறக்கிறது. புது ட்யூப்பும் கூலியும் சேர்த்து 600 ரூபாய். அன்றைக்கே குன்னூர் போய் வந்தேன், கோளாறு திரும்பவில்லை.

"புது டர்போ" எது என்றும் அவரே பார்த்தார். ஹவுசிங்கில் சில்வர் பெயின்ட் அடித்திருந்தது. போல்ட் தலைகளில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. டர்போவின் நம்பர் தகட்டின் மேல் படிந்த பெயின்டை தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் நம்பர் தெரிந்தது. வொர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன்பு ஸ்பேர் கடையில் விலை கேட்பதற்காக அந்தத் தகட்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதே நம்பர்.

போட்டோவோடு போய்க் கேட்டதும் "உள்ளே இருக்கிற கோர் மட்டும் மாத்தினோம்" என்று பேச்சை மாற்றினார்கள். சரி, மாற்றிய பழைய கோரையாவது காட்டுங்கள் என்றேன். பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட்டால் போதும்.

உங்களிடம் யாராவது டர்போ மாற்றச் சொன்னால், இசியூ கேட்ட அழுத்தத்தையும் வந்த அழுத்தத்தையும் ஓடும் வண்டியில், இன்ஜின் சூடான பிறகு காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால், கழற்றிய பழைய பாகம் என் கையில் வந்தால்தான் பணம் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள்.