பீன்யா கல் டெஸ்ட்டிங் லேப்: செவ்வாய்க் கல்லுன்னு இஸ்ரோவுக்கு லெட்டர் போடறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை போயிட்டு வாங்க

ரேட்டிங் 5க்கு 4. ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னு கீழ சொல்றேன்.

கையில ஒரு கருப்புக் கல்லை வெச்சுக்கிட்டு இது செவ்வாய் கிரகத்துல இருந்து விழுந்ததா இருக்குமோன்னு தூக்கம் வராம கிடக்கறவங்க பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நெறைய பேர் இருக்காங்க. எங்க மாமா அதுல ஒருத்தர். ராயக்கோட்டை பக்கம் கிணறு வெட்டும்போது வந்த கல்லு, ஒரு தேங்காய் அளவு இருக்கும், மேல கருகின மாதிரி தோல், தூக்கிப் பார்த்தா அளவுக்கு மீறின கனம். மாமா ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார், சும்மா கதை விடற ஆள் இல்ல, அவரே படிச்சு அவரே சந்தேகப்பட்டு விண்வெளி ஆபீஸுகளுக்கு வருஷக்கணக்கா லெட்டர் எழுதிக்கிட்டே இருந்தாரு. ஒரு பதிலும் வரல. நான் அல்சூர்ல இருக்கறதால "மாப்ள, நீ பெங்களூர்லயே இருக்க, நேர்ல போய் குடுத்துட்டு வாடா"ன்னு கல்லையே பஸ்ல கொண்டு வந்துட்டாரு. நியூ பிஇஎல் ரோட்டுல இஸ்ரோ ஹெட் ஆபீஸ் வாசல்ல கல்லை வெச்சுட்டு வர முடியாதுன்னு எடுத்துச் சொல்லி, அதுக்கு பதிலா இந்த லேபுக்கு கூட்டிட்டுப் போனேன்.

லேப் இருக்கறது பீன்யாவுல. மெஜஸ்டிக்ல கிரீன் லைன் மாறி பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோ. பேர் போட வேணாம்னு ஓனர் கேட்டுக்கிட்டாரு, அதனால போடல, ஜிகணி பக்கம் கிரானைட் ஃபேக்டரி வெச்சிருக்கறவங்களைக் கேட்டா சொல்லிடுவாங்க. அவங்க மெயின் வேலை கிரானைட் எக்ஸ்போர்ட்டுக்கு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கறது, விண்கல் எல்லாம் சைடுல. அங்க கல்லு பார்க்கற அண்ணன் கேஜிஎஃப் தமிழர், அவங்க அப்பா தங்கச் சுரங்கத்துல 2001ல மூடற வரைக்கும் வேலை பார்த்தவராம். கல்லைக் கையில வாங்கின உடனே நம்ம மூஞ்சியைப் பார்க்கல, கல்லைத்தான் பார்த்தாரு. எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துடுச்சு.

இதுக்கு முன்னாடி மாமா வேற ஒரு இடத்துல (பேர் வேணாம்) 15,000 ரூபா கட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கி வெச்சிருந்தாரு. தங்கக் கலர் சீல், ஹோலோகிராம், "செவ்வாய் விண்கல்"னு பெரிய எழுத்து. அவங்க பண்ணினது துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ஆர்எஃப் மெஷினை (எக்ஸ்ரே அடிச்சு என்னென்ன தனிமம் இருக்குன்னு காட்டற மெஷின்) கல்லு மேல வெச்சு அமுக்கினது மட்டும்தான், கல்லை வெட்டக்கூட இல்ல. மாமா அந்த சர்டிபிகேட்டைத்தான் ஒவ்வொரு லெட்டரோடவும் நகல் எடுத்து அனுப்பிட்டிருந்தாரு. அண்ணன் அதை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "சார், இதை அனுப்பினா அடுத்த பக்கத்தைத் திருப்பவே மாட்டாங்க, இனிமே இதை வெக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னாரு. இதெல்லாம் காசு பிடுங்கற வேலை, இப்படி விக்கறவங்க மேல எனக்கு இன்னும் கோவம் தீரல.

வேலை எப்படி பண்றாங்கன்னு சொல்றேன், ஏன்னா ஒரு விண்வெளி நிறுவனத்தை உங்க கல்லைப் பார்க்க வைக்கணும்னா இதுதான் விஷயமே. முதல்ல காந்தம். நம்ம ஊர்ல எல்லாரும் காந்தம் ஒட்டுச்சு, அதனால விண்கல்னு சொல்றாங்க. சேலம் கஞ்சமலை கல்லுலயும்தான் காந்தம் நல்லா ஒட்டும், அது மேக்னடைட்ங்கிற இரும்புத் தாது. சாதாரண விண்கல்லுல நிக்கல் கலந்த இரும்பு இருக்கறதால ஒட்டும், ஆனா செவ்வாய்க் கல்லுல அந்த உலோகம் கிடையாது, ஒட்டினா லேசாத்தான் ஒட்டும். அதனால காந்தம், நிக்கல் டெஸ்ட் ரெண்டையும் வெச்சு செவ்வாய்க் கல்லுன்னு நிரூபிக்க முடியாது.

அடுத்து வைர பிளேடு வெச்ச மெஷின்ல ஒரு ஓரத்தை வெட்டினாரு. வெட்டின முகத்தை தண்ணி தெளிச்சு எங்ககிட்ட காட்டினாரு. நிஜ விண்கல்லோட கருகின தோல் ரொம்ப மெல்லிசு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, உள்ள இருக்கற கல்லுல இருந்து கோடு போட்ட மாதிரி தனியா தெரியும். மாமா கல்லுல கருப்பு கொஞ்சம் கொஞ்சமா பழுப்பாகி, பழுப்பு பச்சை கலந்த சாம்பலாகி உள்ள மங்கிப் போச்சு. மண்ணுக்குள்ள கிடந்து ஏறின நிறம்னு அண்ணன் சொன்னாரு, ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டேன்னும் சொன்னாரு.

அப்புறம்தான் தின் செக்ஷன். கல்லுத் துண்டை கண்ணாடியில எபாக்ஸி போட்டு ஒட்டி, கார்போரண்டம் பவுடர்ல தேய்ச்சுத் தேய்ச்சு 0.03 மில்லிமீட்டருக்குக் கொண்டு வரணும். அந்த அளவுக்கு வந்தா கருங்கல்லுக்குள்ளயே வெளிச்சம் பாயும். கடைசிக் கட்டத்துல மெஷினை நிறுத்திட்டு கையால தேய்ச்சு, மைக்ராஸ்கோப்ல கலரைப் பார்த்துப் பார்த்து கனத்தை அட்ஜஸ்ட் பண்றாரு. கொஞ்சம் அதிகமா தேய்ச்சா கல்லே காணாமப் போயிடும்.

இந்த லேபுக்கு நான் மார்க் போடறது முக்கியமா இதுக்குத்தான்: அவர்கிட்ட நிஜ செவ்வாய்க் கல்லோட ஸ்லைடு ஒண்ணு இருக்கு. 1962ல நைஜீரியாவுல விழுந்த ஜகாமி கல்லு. 18 கிலோ கல்லு அது, சின்னச் சின்னத் துண்டா கலெக்டர்கள் கைக்குப் போனதால ஸ்லைடும் விலைக்குக் கிடைக்குது, இவரு சொந்தக் காசு போட்டு வாங்கி வெச்சிருக்காரு. மாமாவை மைக்ராஸ்கோப் முன்னாடி உக்கார வெச்சு முதல்ல ஜகாமியைக் காட்டினாரு. கிராஸ்டு போலரைசர் (குறுக்கும் நெடுக்குமா வெச்ச ரெண்டு ஒளி வடிகட்டி) போட்டுட்டு ஸ்டேஜை மெதுவா சுத்தச் சொன்னாரு. பைராக்சீன்ங்கிற தாது மணிகள் எல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, ஊதான்னு மாறி மாறி மின்னுது, ஆனா நடுவுல ஃபெல்ட்ஸ்பார்ங்கிற இன்னொரு தாது இருக்கற இடமெல்லாம் எப்படி சுத்தினாலும் கருப்பாவே இருக்கு. அது மாஸ்கெலினைட். செவ்வாய்ல ஏதோ ஒரு பெரிய கல்லு மோதினப்ப அந்த அதிர்ச்சியிலயே ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடி ஆயிடுச்சு, கண்ணாடின்னா இந்த லைட்ல கருப்பாவேதான் தெரியும். 1872லயே செர்மாக்குங்கிற ஆஸ்திரியாக்காரர் இதைக் கண்டுபிடிச்சு பேர் வெச்சாரு, அதுவும் நம்ம பீகார்ல ஷெர்காட்டியில 1865 ஆகஸ்ட் 25 விழுந்த கல்லுல. இன்னிக்கு உலகத்துல கிடைக்கற செவ்வாய்க் கல்லுல பெரும்பாதிக்கு மேல ஷெர்கோடைட்னுதான் பேர், நம்ம பீகார் ஊர் பேரு. ஸ்கூல் புக்குல ஒரு வரிகூட இதைப் பத்தி பார்த்ததில்ல.

அடுத்து மாமாவோட கல்லு. அதே லைட், அதே சுத்து. ஃபெல்ட்ஸ்பார்ல கருப்பு வெள்ளைக் கோடு வரிவரியா வந்துச்சு, சுத்தச் சுத்த கருப்பு வெள்ளையாச்சு, வெள்ளை கருப்பாச்சு. மாமா வாத்தியார் இல்லையா, யாரும் சொல்றதுக்கு முன்னாடியே அவருக்குப் புரிஞ்சு போச்சு. "கண்ணாடி ஆகல, இது உடையாத ஃபெல்ட்ஸ்பார், அப்ப இது நம்மூரு டோலரைட்டுதான் தம்பி"ன்னு அவரே அண்ணன்கிட்ட சொன்னாரு. டோலரைட்டும் ஷெர்கோடைட்டும் ரெண்டுமே எரிமலைக் குழம்புல இருந்து வந்த சொந்தக்காரக் கல்லுங்க, அதே பைராக்சீன், அதே ஃபெல்ட்ஸ்பார் சமாச்சாரம்தான், வெளித் தோற்றத்தை வெச்சு பிரிக்கறது எந்த ஜியாலஜிஸ்ட்டுக்கும் கஷ்டம். பெங்களூர் சுத்துவட்டாரத்துல ஓடற டோலரைட் டைக்குகள்ல (பாறைப் பிளவுல குழம்பு புகுந்து சுவர் மாதிரி இறுகினது) பலதுக்கு வயசு சுமார் 237 கோடி வருஷம்னு கணிச்சிருக்காங்க. ஷெர்காட்டி கல்லு சுமார் 17 கோடி வருஷம்தான். வயசைப் பார்த்தா நம்ம கல்லுதான் பெரியவரு.

மாமா சோர்ந்து போவாருன்னு நெனச்சேன். அவரு உடனே அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு: சரி தம்பி, ஒருவேளை ஃபெல்ட்ஸ்பார் கருப்பாவே இருந்திருந்தா நான் யாருக்கு என்ன எழுதியிருக்கணும்? அண்ணன் சொன்னதை அப்படியே எழுதறேன், இன்னும் கல்லோட காத்திருக்கறவங்களுக்கு உதவும்.

நாசா பொதுமக்கள் அனுப்பற கல்லை எல்லாம் வாங்கி டெஸ்ட் பண்றதில்ல, அங்க எழுதி தபால் காசை வேஸ்ட் பண்ண வேணாம். பெங்களூர்ல இஸ்ரோ ஹெட் ஆபீஸ் இருக்குன்னு அங்க எழுதறதும் சரியான வழி இல்ல, ராக்கெட்டு, சாட்டிலைட்டு வேலை பார்க்கறவங்க அவங்க. விண்வெளித் துறையிலயே விண்கல் ஆராயற இடம் அகமதாபாத்ல பிஆர்எல் (பிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரி), விக்ரம் சாராபாய் 1947ல ஆரம்பிச்சது. 2017 ஜூன்ல ஜெய்ப்பூர் பக்கம் முகுந்த்புராவுல விழுந்தது, 2022 ஆகஸ்ட்ல குஜராத் தியோதர்ல விழுந்தது எல்லாம் அங்க ஆராய்ச்சி பண்ணினதுதான். இன்னொண்ணு ஜிஎஸ்ஐ (ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா), ஷெர்காட்டியோட பெரிய துண்டே கொல்கத்தாவுல அவங்ககிட்டதான் இருக்கு.

லெட்டர் ஒரே ஒரு பக்கம். கல்லோட எடை, அடர்த்தி, கிடைச்ச இடம், யார் எப்ப எடுத்தாங்க, வெட்டின முகத்தோட போட்டோ, தின் செக்ஷன் போட்டோ சாதா லைட்லயும் கிராஸ்டு லைட்லயும், அவ்வளவுதான். "இது செவ்வாய்க் கல்"னு அடிச்சு எழுதவே கூடாது, ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடி ஆன மாதிரி தெரியுது, மேற்கொண்டு பார்ப்பீங்களான்னு கேக்கணும். அப்புறம் 20 கிராம் குடுக்கத் தயார்னு எழுதணும், ஏன்னா ஒரு விண்கல்லுக்கு முறைப்படி பேர் வாங்கணும்னா 20 கிராமோ இல்ல மொத்த எடையில 20 சதவீதமோ, எது குறைவோ அதை அங்கீகாரம் உள்ள ஒரு மியூசியத்துலயோ நிறுவனத்துலயோ வெக்கணும்னு விண்கல்லுக்குப் பேர் அங்கீகரிக்கற உலக அமைப்பான மீட்டியரிட்டிக்கல் சொசைட்டி விதி. கல்லை ஒரு துண்டும் தர மாட்டேன், ஆனா ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுன்னா யாரும் வர மாட்டாங்க. நெறைய பேர் மாட்டிக்கறது இங்கதான், கோடி ரூபா போகும்னு கனவு. 2025 ஜூலைல 24 கிலோ சொச்சம் இருந்த ஒரு செவ்வாய்க் கல்லு நியூயார்க்ல 50 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போன நியூஸ் வந்ததுல இருந்து இந்த லேபுக்கு வர்ற கூட்டம் ஏறிடுச்சாம்.

அதுக்கு மேல லேப் சொல்லாத எதையும் சொல்லக் கூடாது. பைராக்சீன்ல இரும்பு, மாங்கனீஸ் விகிதம் செவ்வாய்க் கல்லுல 30 சொச்சம், பூமியில 40 பக்கம், நிலாவுல 60ஐ தாண்டும், இதைத் துல்லியமா அளக்க மைக்ரோபுரோப்ங்கிற எலக்ட்ரான் கற்றை மெஷின் வேணும். ஆக்சிஜன் ஐசோடோப் (எடை வேறயா இருக்கற ஆக்சிஜன் அணு வகைங்க) பார்க்கறதும் பெரிய இடத்து வேலை. அதைச் செய்யச் சொல்லித்தானே நாம விண்வெளிக்காரங்களைக் கேக்கறோம், அந்தச் செலவுக்கு இந்தக் கல்லு தகும்னு காட்டறதுதான் நம்ம பங்கு. விஞ்ஞானிங்களே லேசுல ஒத்துக்கல. ஷெர்காட்டி விழுந்து நூறு வருஷத்துக்கு மேல அது எங்க இருந்து வந்ததுன்னு தெரியாமதான் இருந்துச்சு. 1979-80 சீசன்ல அண்டார்டிகாவுல எடுத்த ஒரு கல்லுல கண்ணாடிக்குள்ள மாட்டியிருந்த வாயுவை போகார்டு, ஜான்சன்னு ரெண்டு நாசா ஆளுங்க அளந்து, 1976ல செவ்வாய்ல இறங்கின வைக்கிங் விண்கலம் அளந்த காத்தோட ஒத்துப் போகுதுன்னு 1983ல எழுதினப்பறம்தான் நம்ப ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கே காத்தை அளந்து காட்ட வேண்டியிருந்துச்சுன்னா நாம ஹோலோகிராம் சர்டிபிகேட்டைக் காட்டி என்ன பண்றது.

இப்ப அந்த ஒரு ஸ்டார். எக்ஸ்ஆர்எஃப் ஷீட்டுல நம்பருக்குப் பக்கத்துல எவ்வளவு முன்ன பின்ன இருக்கலாம்னு போடல. கையடக்க மெஷின் சோடியத்தைப் பார்க்காது, மக்னீசியமும் சரியா வராது, அதை ஷீட்டுலயே எழுதியிருக்கணும், கேட்டப்பறம்தான் சொன்னாங்க. ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், தமிழ்லயோ கன்னடத்துலயோ ஒரு பக்கம் சுருக்கம் குடுத்தா கிராமத்துல இருந்து வர்றவங்களுக்கு எவ்வளவோ நல்லது. வெட்டறப்ப சொன்னதை விட கொஞ்சம் அதிகமாவே கல்லு போயிடுச்சு, அரிதான கல்லா இருந்தா மனசு தாங்காது, அதனால எவ்வளவு போகும்னு எழுதி வாங்கிக்கோங்க. மாடியில இருக்கு, லிஃப்ட் இல்ல, மாமா முட்டி வலியோட ஏறினாரு. ரிப்போர்ட்டும் சொன்ன தேதிக்கு வரல.

தின் செக்ஷன், எக்ஸ்ஆர்எஃப், அடர்த்தி, போட்டோ எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு, அந்த சர்டிபிகேட்டுக்குப் போனதுல மூணுல ஒரு பங்கு. ஸ்லைடையும் மிச்சக் கல்லையும் திருப்பிக் குடுத்துடுவாங்க, கேட்டு வாங்குங்க. ஜிபே வாங்கறாங்க. ஞாயிறு லீவு, சனிக்கிழமை மதியத்தோட மூடிடுவாங்க. அண்ணன் இல்லாத அன்னிக்கு வெட்டற பையன் மட்டும்தான் இருப்பான், கல்லைப் பத்தி பேச ஆள் இருக்காது, அதனால போன் பண்ணிட்டுப் போங்க.