மார்ச்சில் ரோதாங் காட்டுகிறேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

"சீசனுக்கு முன்னாடியே மணாலி போயிடுங்க, கூட்டமும் இருக்காது, ரேட்டும் பாதி" என்று யாராவது உங்களுக்கு மார்ச் பேக்கேஜ் அனுப்பியிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கூட்டம் இல்லை என்பது உண்மை. ரேட் கம்மி என்பதும் உண்மை. ஆனால் ஆஃப் சீசன் விலையைச் சொல்லிவிட்டு, சீசனில் பார்க்கும் இடங்களின் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

எங்கள் ஊரிலேயே கடை வைத்திருக்கும் ஏஜென்ட். அம்மா, மனைவி, சகலை குடும்பம் என்று எல்லோரும் கிளம்பினோம். டெல்லியில் இருந்து டெல்லி வரை தலைக்கு 18,500 ரூபாய். அதற்கு மேல், மணாலிக்கு மேலே இருக்கும் ரோதாங் பனிமலைக் கணவாய்க்குப் போக "ரோதாங் ஸ்பெஷல் பெர்மிட்" என்று தலைக்கு 2,500. மார்ச்சில் ரோதாங் திறந்திருக்குமா என்று நேராகவே கேட்டேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பதில் வந்தது: "சார், ரோடு கிளியர் பண்ணிட்டாங்க. நம்ம பார்ட்டி போன வாரம்தான் போயிட்டு வந்தாங்க. நீங்க டென்ஷனே ஆகாதீங்க."

மணாலியில் இறங்கி, வண்டியில் ஏறியதும் என் மனைவி டிரைவரிடம் இந்தியில் ரோதாங்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். மே மாதம் வாருங்கள் என்றார். நாங்கள் விடாமல் கேட்கவும், டேஷ்போர்டில் செருகியிருந்த டிரிப் ஷீட்டை எடுத்து நீட்டினார். டூரை நடத்தும் டெல்லி ஆபரேட்டர் அனுப்பியது. எங்கள் கையில் இருந்த பேப்பரில் அதே தேதிக்கு "ரோதாங் முழு நாள்" என்று இருந்தது. அவர் ஷீட்டில் "சோலாங், மதியம் வரை" என்று மட்டும்தான். சோலாங் என்பது மணாலிக்குப் பக்கத்திலேயே, ரோதாங்குக்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்கு. அதாவது நாங்கள் ஊரில் பெட்டி கட்டும்போதே, நாங்கள் ரோதாங் போகப் போவதில்லை என்பது எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏஜென்ட்டுக்கு போன் போட்டால், "நேச்சர் நம்ம கையில இல்லையே சார்" என்கிறார். பேக்கேஜின் கடைசிப் பக்கத்தில் "வானிலையைப் பொறுத்தது" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதையும் ஞாபகப்படுத்துகிறார். இங்கேதான் எனக்குக் கோபம். அன்றைக்கு மழையோ பனியோ வந்து ரோட்டை மூடினால் அது வானிலை. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் வாக்கில் மூடினால், எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை வெட்டி எடுத்த பிறகு, சுற்றுலா வண்டிகளை விடுவது வழக்கமாக மே மாதம்தான். சில வருடம் ஜூனைக்கூடத் தொட்டுவிடும். இது காலண்டரிலேயே இருக்கும் விஷயம், இதில் வானிலை எங்கே வந்தது?

பெர்மிட் கதையும் அப்படித்தான். திறந்திருக்கும் காலத்தில் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி ஒரு நாளைக்கு 1,200 வண்டிகளுக்குத்தான் பெர்மிட். குல்லு மாவட்ட நிர்வாகம் ஆன்லைனில் கொடுக்கிறது. அது வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. கட்டணமும் சில நூறு ரூபாய்தான். தலைக்கு 2,500 என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் "மாற்று ஏற்பாடு" என்று ஒன்று வந்தது. அடல் சுரங்கப்பாதை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிஸ்ஸு கிராமத்துக்குக் கூட்டிப் போவார்களாம், "அதுவும் ரோதாங்தான் சார்", ஆனால் வண்டிக்குத் தனியாக 4,000. 2020 அக்டோபரில் திறந்த, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் கட்டப்பட்டதே ரோதாங்கில் ஏறாமல், சிஸ்ஸு இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போவதற்காகத்தான். மலைக்கு அடியில் போய்விட்டு மலை உச்சியைப் பார்த்ததாகக் கணக்கு! சிஸ்ஸு நல்ல இடம், சுற்றிலும் பனி, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புடவைக்கு மேலேயே பனிக்கான கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்தார். ஆனால் அதற்கு நாங்கள் இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணாலி மால் ரோட்டுக்குப் பக்கத்தில் என்று சொன்ன ஓட்டல், "அல்லது அதற்கு இணையான" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு குல்லு சாலையில் எங்கோ தள்ளிப் போய்விட்டது. மார்ச்சில் அங்கே ராத்திரிக் குளிர் எலும்பைக் குடையும். ஹீட்டர் கேட்டால், ஒரே ஒரு கம்பி மட்டும் சிவக்கிற ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்து, ராத்திரிக்கு 400 என்றார்கள். பேக்கேஜில் ஹீட்டர் இல்லையாம். ஏஜென்ட்டின் போஸ்டரில் சிவப்பாகத் தொங்கிய ஆப்பிள், ஆகஸ்ட் வாக்கில் பழுப்பது. மார்ச்சில் ஆப்பிள் மரம் மொட்டைக் கிளைதான், பூவே ஏப்ரலில்தான் வரும். 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று ஏஜென்ட் வாங்கினார், பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை.

மார்ச்சில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஹடிம்பா கோயிலில் தேவதாரு மரங்களுக்கு நடுவே நிம்மதியாக நிற்க முடிந்தது. 1553-ல் கட்டிய மரக் கோயில், மே மாதத்தில் அங்கே வரிசைதான் பார்க்கலாம் என்றார் டிரைவர். நக்கர் கோட்டை, வஷிஷ்ட் வெந்நீர் ஊற்று எல்லாம் திறந்தே இருக்கின்றன. இவற்றுக்கு மட்டும் காசு கொடுங்கள். ஹோலி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், வட இந்தியக் கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருக்கும்.

பணம் கட்டும் முன், "ரோதாங் போகாவிட்டால் இவ்வளவு ரூபாய் திரும்பத் தருகிறேன்" என்று எழுத்தில் கேளுங்கள். ஓட்டலின் பெயரை வாங்கி, நீங்களே அங்கே போன் போட்டு உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா, ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். உள்ளூர் டிரைவரின் நம்பரை முன்கூட்டியே கேளுங்கள். அவரோடு இரண்டு நிமிடம் பேசினால் ஏஜென்ட்டின் மொத்தப் பொய்யும் வெளியே வந்துவிடும். "கடைசி நேரத்தில்தான் தருவோம்" என்றால், வேறு கடை பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், மணாலிக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் அந்தக் குரல் பதிவையும், டிரைவர் அனுமதியோடு எடுத்த டிரிப் ஷீட் போட்டோவையும் சேர்த்து 1915-ல் பதிந்திருக்கிறேன். பதிந்த மறுநாளே ஏஜென்ட் கூப்பிட்டு, பெர்மிட் காசை மட்டும் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். சிஸ்ஸு 4,000-த்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.