சுத்தச் செம்பு ஆர்ஜி6 ஒயர்: எட்டு மாத அனுபவம்

எங்கள் வீடு கொளச்சலில். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது, அம்மாவுக்கு வேண்டிய டிடி தமிழ் வந்துவிடும். 2024இல் பெயர் மாறினாலும் அம்மாவுக்கு அது இன்னும் பொதிகைதான்.

போன வருடம் மேலே ஒரு தளம் எழுப்பினோம். டிஷ்ஷும் மேலே போனது. டிஷ்ஷிலிருந்து டிவி பாக்ஸுக்கு வரும் ஆர்ஜி6 ஒயர் எட்டவில்லை. வந்தவர் பழைய ஒயரோடு ஒரு துண்டைச் சேர்த்து, டேப் சுற்றிவிட்டுப் போனார். ஆடி கழிவதற்குள் படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. டிஷ்ஷை மூன்று முறை திருப்பினோம். ஃப்ரீ டிஷ்ஷுக்கான செயற்கைக்கோள் ஜிசாட்-15 நிற்பது கிழக்கே 93.5 பாகையில். எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்காக, ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் பார்க்க வேண்டும், அது சரியாகவே இருந்தது. டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்என்பியை இரண்டு முறை மாற்றினோம். பாக்ஸில் ஸ்ட்ரெங்த் 80 காட்டும், குவாலிட்டி மட்டும் 20க்கும் 50க்கும் நடுவே ஆடும். படத்தைத் தீர்மானிப்பது குவாலிட்டிதான். ஸ்ட்ரெங்த்தை நம்பி நாங்கள் இரண்டு மாதம் வீணாக்கினோம்.

கடைசியில் டேப்பைப் பிரித்தேன். உள்ளே ஜாயிண்ட் முழுக்கத் துரு. உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் புகுந்திருந்தன. நடுக்கம்பியைக் கத்தியால் சுரண்டினால் மேலே மட்டும் செம்பு நிறம், உள்ளே வெள்ளை. காந்தம் வைத்தேன், கப்பென்று ஒட்டியது. செம்பு பூசிய இரும்பு!

நாகர்கோவிலில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில், காந்தத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பார்த்துத்தான் சுத்தச் செம்பு ஆர்ஜி6 வாங்கினேன். மீட்டர் 30 ரூபாய், 45 மீட்டர். இரும்புக்கம்பி ஒயர் அதே கடையில் மீட்டர் 12 ரூபாய். "சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் சார், உள்ளே இரும்பு இருந்தால் என்ன?" என்று கடைக்காரர் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். சுமார் 1,000 முதல் 2,000 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலுக்கு மேல்பூச்சே போதும். ஆனால் அதே ஒயர் வழியாகத்தான் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மேலே போகிறது. அந்த மின்சாரம் கம்பி முழுவதையும் பயன்படுத்தும், அங்கே இரும்பு மோசம்.

வீட்டில் இரண்டு ஒயரின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளந்தேன், ஒரு முனையில் நடுக்கம்பியையும் அதைச் சுற்றியுள்ள கம்பி வலையையும் சேர்த்துவிட்டு. பழையது ஜாயிண்ட்டோடு 14 ஓம். புதியது 2 ஓம். எல்என்பி 150 மில்லிஆம்பியர் இழுத்தால் பழையதில் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 13 வோல்ட் 11க்கு இறங்கினால் எல்என்பி எப்படி ஒழுங்காக வேலை செய்யும்? நீளத்தை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 45 மீட்டரில் சிக்னல் கொஞ்சம் தேயத்தான் செய்யும், ஆனால் எல்என்பி தரும் பெருக்கம் அதைத் தாங்கும். தாங்காதது துருப்பிடித்த ஜாயிண்ட்.

ஆகவே ஜாயிண்ட் இல்லாமல் ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒயர் முனையில் திருகு மாடல் எஃப் கனெக்டரை விட்டுவிட்டு அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் கனெக்டர் போட்டேன். அதற்கான கருவி 600 ரூபாய், அந்தச் செலவுக்கு நான் வருத்தப்படவில்லை. சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வராது. அப்புறம் எல்என்பி முனையில் ரப்பர் மூடி.

குவாலிட்டி இப்போது 70க்குக் கீழே இறங்குவதில்லை. ஐப்பசி மழை, ஜூன் மழை இரண்டையும் பார்த்துவிட்டது. கொட்டும் மழையில் சில நிமிடம் படம் போகத்தான் செய்கிறது. டிஷ்ஷுக்குச் சிக்னல் வரும் கேயூ அலைவரிசையை மழைத்துளிகள் தின்பதற்கு எந்த ஒயரும் மருந்தில்லை. முன்பு போல் மழை விட்டும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

தம்பி மாடியில் இரண்டாவது டிவி வைக்க இதே ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் கேட்டான். வேண்டாம் என்றேன். எந்தச் சிக்னலை அனுப்ப வேண்டும் என்று பாக்ஸ் எல்என்பிக்குச் சொல்வதே இந்த வோல்ட்டில்தான், ஒரு பாக்ஸ் 13 வோல்ட்டும் இன்னொன்று 18 வோல்ட்டும் கேட்டால் ஒன்றில் படம் போகும். இரட்டை எல்என்பி போட்டு அவனுக்குத் தனி ஒயர் இழுத்தோம்.

குறை ஒன்று உண்டு. கடையில் வெள்ளை உறைதான் இருந்தது. வெயில் படும் பக்கம் எட்டு மாதத்தில் தொட்டால் மாவு போல ஒட்டுகிறது. வெளியே இழுக்கக் கறுப்பு உறை கேட்டு வாங்குங்கள், தேடி அலைந்தாலும் பரவாயில்லை. என்னுடையதை அடுத்த ஐப்பசிக்குள் பிவிசி பைப்புக்குள் விட வேண்டும். பைப் வாங்கி மாடிப்படியில் வைத்திருக்கிறேன்.