142 பக்கத்தில் எனக்கு உதவியது 20 பக்கம்

ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். இந்த முறை வகுப்பு முழுக்க ஒரே நாவலைப் படிக்கலாம் என்று லூயிஸ் சாக்கரின் ‘ஹோல்ஸ்’ நாவலை எடுத்தேன். கூடவே, ஆசிரியர்களுக்கென்று விற்கிற ஒரு பாடத்தொகுப்பையும் காசு கொடுத்து இறக்கிக்கொண்டேன். 142 பக்கப் பிடிஎஃப். ஆறு வாரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

நாவலில் எனக்குக் குறையே இல்லை. செய்யாத திருட்டுக்காகப் பிடிபட்ட ஸ்டான்லி என்ற பையனை, வறண்டுபோன ஏரியில் இருக்கும் ஒரு சீர்திருத்த முகாமுக்கு அனுப்பி, தினமும் ஒரு குழி வெட்ட வைக்கிற கதை. 1998-ல் வந்தது, அடுத்த வருடமே அமெரிக்காவில் சிறந்த சிறார் நூலுக்குத் தரும் நியூபெரி பதக்கம் வாங்கியது. 50 அத்தியாயங்கள், பெரும்பாலும் குட்டிக் குட்டியானவை. திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளைக்கும் ‘ஒரு அத்தியாயம் முடித்துவிட்டேன்’ என்ற தெம்பு சீக்கிரம் வந்துவிடும். 28 பேரை ஒரே புத்தகத்தோடு உட்கார வைப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வில்லங்கம் தொகுப்பில்தான். அத்தியாயத்துக்கு ஒரு பயிற்சித் தாள், தாளுக்கு எட்டுக் கேள்வி. இரண்டு பக்க அத்தியாயத்துக்கும் அதே எட்டு! ஆக மொத்தம் 400 கேள்வி. முதல் வாரம் நானும் விசுவாசமாக எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நாலாவது நாள் பார்த்தால், பாதிப் பேர் கேள்வியை முதலில் படித்துவிட்டு விடையைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி ஆள்காட்டி விரலைப் பக்கத்தின் மேல் ஓடவிட்டு, பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, அந்த வரியை அப்படியே எழுதினாள். எட்டுக்கு எட்டு. “இப்போ கதையில என்ன நடக்குது?” என்று கேட்டேன். தெரியவில்லை. அன்றோடு வாரத்துக்கு ஒரு தாள் என்று குறைத்தேன்.

அதைவிட எரிச்சல், முதல் நாளே கொடுக்கச் சொல்லியிருந்த ‘பாத்திர அறிமுகம்’. ஸீரோ என்ற பையன் உண்மையில் யார் என்பது பாதி நாவலைத் தாண்டித்தான் பிடிபடும். பழைய கதையும் இன்றைய கதையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிற இடம் அது. இந்தப் புண்ணியவான்கள் அதை அவன் பெயருக்கு எதிரிலேயே ஒரு வரியில் போட்டு உடைத்துவிட்டார்கள். நல்லவேளை, முந்தின இரவே கண்ணில் பட்டது. அந்த வரியின் மேல் வெள்ளைத் துண்டு ஒட்டித்தான் நகல் எடுத்தேன். (இங்கேயும் சொல்ல மாட்டேன்.)

விடைக்குறிப்பும் அப்படித்தான். நாள் முழுக்க வறண்ட தரையில் குழி வெட்டி, கையெல்லாம் கொப்புளத்தோடு ஸ்டான்லி அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறான். அதில் பகலெல்லாம் ஏரியில் இருந்தேன் என்று புளுகுகிறான். ஏன் பொய் சொன்னான்? ‘அம்மா கவலைப்படக் கூடாது என்பதற்காக’, 2 மதிப்பெண். அதைக் கதையில் அவனே சொல்லிவிடுகிறானே! கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கை தூக்கினான்: “டீச்சர், கேம்ப்புக்குப் போற மாதிரி நினைச்சுக்கலாம்னு வீட்டுல எல்லாரும் நடிச்சாங்கல்ல? அந்த கேம்ப்பத்தான் எழுதறான். அம்மாவுக்கு மட்டும் இல்ல, அவனுக்கும்.” அதன் பிறகு மணி அடிக்கும் வரை சண்டைதான். விடைக்குறிப்பை நம்பியிருந்தால் அவனுக்கு சைபர் போட்டிருப்பேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மூன்று காலத்தையும் ஒரே சுவரில் ஒட்டுகிற நீள அட்டவணை அருமை. ஒரு பட்டையில் முகாம், ஒன்றில் 110 வருடம் முந்தைய அதே ஏரிக்கரை, இன்னொன்றில் லாட்வியாவில் இருந்த எள்ளுத்தாத்தா. யார் எந்தக் காலத்து ஆள் என்ற குழப்பம் ஒரே வாரத்தில் போயிற்று. முன்னால் ஓடிப் படித்துவிட்டவர்கள் தங்கள் சீட்டைக் குப்புற ஒட்டுவார்கள், வகுப்பு அந்த அத்தியாயத்துக்கு வந்ததும் திருப்புவோம். இது தொகுப்பில் இல்லை, பிள்ளைகளே கண்டுபிடித்தது.

2003-ல் வந்த படத்தோடு ஒப்பிடும் தாளும் பரவாயில்லை. ‘பத்து வித்தியாசம் கண்டுபிடி’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, ஒரே கேள்வி போட்டேன்: புத்தகத்தில் ஸ்டான்லி குண்டு, படத்தில் ஒல்லி, திரைக்கதை எழுதியதும் சாக்கரேதான், அப்படியிருக்க இந்த மாற்றத்தால் எது கூடியது, எது குறைந்தது?

‘ஸ்டான்லியின் குழியை வரைந்து வண்ணம் தீட்டு’ என்று ஒரு பக்கம். அதை விட்டுவிட்டுத் தரையில் 5 அடி அகலத்துக்குச் சாக்பீஸ் வட்டம் போட்டோம். 5 அடி ஆழம் காட்டச் சுவரில் ஒரு கயிறு. வகுப்பிலேயே குள்ளமான பையன் கயிற்றோரம் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். “இது தினமும் ஒண்ணா?” என்றான்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். வாங்குவதானால் அட்டவணைக்கும் படத் தாளுக்கும் வாங்குங்கள். பாத்திர அறிமுகத்தைப் பற்றி விற்பவருக்கு எழுதினேன். உடனே நன்றி சொல்லிப் பதில் வந்தது. போன வாரம் கோப்பை மறுபடி இறக்கிப் பார்த்தேன், அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது.