முல்லைத்தீவுக் கரையில் என் படகோட்டி அட்டை

இந்த ஓகஸ்டில் பிரிட்டனிலிருந்து போய் இரண்டு கிழமை வன்னியில் நின்றோம். வற்றாப்பளை அம்மன் கோயில், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. மனதில் நிற்பது ஒரே ஒரு காலைப்பொழுதுதான்.

மாமாவின் 18 அடி பைபர் படகில் பிள்ளைகளை ஏற்றி, அப்பா தொழில் செய்த கடலை நானே ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. சோளகக் காலம், முல்லைத்தீவுப் பக்கம் கடல் நல்ல அமைதி. என்னிடம் ஐ.சி.சி. அட்டை இருக்கிறது, பொழுதுபோக்குப் படகு ஓட்டத் தெரியும் என்று வெளிநாட்டில் காட்டுகிற சர்வதேசச் சான்றிதழ். பிரிட்டனில் அரசாங்கத்தின் சார்பில் ஆர்.வை.ஏ. என்ற படகோட்டிகள் சங்கம் தருவது, 5 வருடம் செல்லும். போன வருடம் கிரேக்கத்தில் வாடகைக்குப் பாய்ப்படகு எடுத்தபோது இதைத்தான் காட்டினேன். பார்த்தார்கள், திறப்பைத் தந்தார்கள்.

"கேக்காமல் எடுக்காதை தம்பி, பிறகு எனக்குத்தான் கரைச்சல்" என்றார் மாமா. சரி என்று அனுமதி கேட்கப் போனேன்.

முதல் கந்தோரில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்கு வந்தார், பாவம், உடனேயே எழுதித் தந்தார். பிறகு மூன்று போட்டோகொப்பி. கடையில் கரண்ட் இல்லை. அது வந்து, கொப்பியோடு திரும்பினால், அது இந்த இடமில்லை, அடுத்த கட்டடம். அங்கே சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்கு ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இதுக்கு எங்களிட்டப் படிவம் இல்லை."

அவர்கள் மறுத்ததை நான் பிழை சொல்ல மாட்டேன். ஐ.சி.சி. என்பது ஐ.நா.வின் ஐரோப்பிய பொருளாதார ஆணைக்குழு கொண்டுவந்த 40ஆம் தீர்மானத்தின்படி வந்தது. அதை ஏற்ற நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். மற்ற நாடுகள் விரும்பினால் பார்க்கும், விரும்பாவிட்டால் விடும். இலங்கை அந்த ஆணைக்குழுவில் அங்கத்துவ நாடே இல்லை. அதோடு மாமாவின் படகு இங்கே பதிந்த மீன்பிடிப் படகு, ஆகவே இங்கத்தைய சட்டம்தான். இதை யாராவது காலை ஒன்பது மணிக்கே சொல்லியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். இங்கிலாந்தில் 'இல்லை' என்பதை இரண்டு நிமிடத்தில் எழுத்தில் தருவார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு ஐந்து மணித்தியாலம். எங்கள் சனம் எத்தனை வருடம் பாசுக்கும் கடிதத்துக்கும் வரிசையில் நின்றது என்று தெரிந்தவனுக்கு, அது இன்னும் முடியவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பின்னேரம் வாடியில் தேத்தண்ணி குடிக்கும்போது மாமாவின் மகன் கேட்டான்: "மச்சான், என்ரை அனுபவத்துக்கு அங்கை ஏதும் பெறுமதி இருக்கோ?"

அவன் பதினைந்து வயதிலிருந்து கடலில் நிற்பவன். உள்ளதைச் சொன்னேன். பிரிட்டனில் சொந்தப் பொழுதுபோக்குக்குக் கடலில் சின்னப் பாய்ப்படகு ஓட்டச் சட்டப்படி பத்திரமே தேவையில்லை. விசா கிடைத்து வந்து நின்றால் என் படகை அவன் நாளைக்கே ஓட்டலாம். சம்பளத்துக்கு என்றால் வேறு கதை. வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு, பயிற்சியையும் சான்றிதழையும் பற்றிய 1978ஆம் ஆண்டு எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. ஒரு நாட்டுச் சான்றிதழுக்கு மேல் இன்னொரு நாடு தன் ஒப்புதலைப் பதிந்து கொடுக்க அதில் வழி உண்டு. கரையோரப் படகில் நின்ற இருபது வருடத்தை அந்த வழியால் கொண்டுபோக முடியாது. சான்றிதழ் இருந்தால்தானே அதற்கு மேல் ஒப்புதல் பதியலாம்?

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை எடுத்து முடிச்சுப் போடத் தொடங்கினான். ஆர்.வை.ஏ. பயிற்சியில் நான் இரண்டு நாள் பழகிய அதே முடிச்சு. அவன் கையைப் பார்க்கவேயில்லை.

அடுத்த நாள் விடிய அவன் படகின் பின்பக்கம், கடையாரில் நின்று எஞ்சினைப் பிடித்தான். நானும் பிள்ளைகளும் கரையிலேயே நின்று, படகு கண்ணுக்கு மறையும்வரை கை காட்டினோம்.